கார்டு பழசு, கம்ப்யூட்டர் புதுசு: சேலம் பட்டறைகளில் டிரைவர் தேடிய அனுபவம்

“கார்டு அதேதானே தம்பி? கம்ப்யூட்டரைத்தானே மாத்துனோம்? அப்புறம் ஏன் ஓட மாட்டேங்குது?”

சேலம் சிட்கோ தொழிற்பேட்டையில் இருந்து ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் வரைக்கும், பழைய கம்ப்யூட்டரை மாற்றிய இடங்களில் எல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் மேல் தப்பே இல்லை. வீட்டில் மதர்போர்டு போனால் புதுசு வாங்கி, விண்டோஸ் போட்டு, பிரின்டரை மாட்டினால் வேலை முடிந்தது. பட்டறைக் கம்ப்யூட்டருக்குள் கூடுதலாக ஒரு கார்டு உட்கார்ந்திருக்கும். அதில் இருந்து வயர்கள் சென்சாருக்கும் சோலனாய்டு வால்வுக்கும் தராசுக்கும் போகும். கார்டு சொல்வதை விண்டோஸுக்கும், விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்கும் எடுத்துச் சொல்வது டிரைவர். கார்டு இருபது வருடம் உழைக்கும். டிரைவரோ எந்த விண்டோஸுக்காக எழுதப்பட்டதோ அதோடு கட்டுப்பட்டது. விண்டோஸ் மாறினால் கார்டு நல்ல நிலையில் இருந்தும் ஊமையாகிவிடும்.

பெரும்பாலான இடங்களில் முதலில் கம்ப்யூட்டரை வாங்கிவிடுகிறார்கள். அதில் என்ன விண்டோஸ் வந்ததோ அதுவே இருக்கட்டும் என்கிறார்கள். கடைசியில்தான் கார்டைக் கையில் எடுக்கிறார்கள். நான் தலைகீழாகப் போகிறேன். முதலில் கார்டு. அதற்கு எந்தெந்த ஓஎஸ்ஸுக்கு (விண்டோஸ், லினக்ஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டம்) டிரைவர் இருக்கிறது என்பது இரண்டாவது. அதில் இருந்து ஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுப்பது மூன்றாவது. அந்த ஓஎஸ்ஸையும் கார்டையும் தாங்கும் மதர்போர்டு கடைசி. காசு கைமாறும் முன் இந்த வரிசை முடிந்திருந்தால் பாதித் தலைவலி வராது.

வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். வார்ப்புப் பாகங்களில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் பெஞ்ச் அது. பிரஷர் சென்சாரின் வோல்டேஜைப் படிக்க ஒரு பிசிஐ கார்டு. வால்வைத் திறந்து மூடுவதும் அதே கார்டின் டிஜிட்டல் அவுட்புட்தான். விபி 6-இல் (விஷுவல் பேசிக் என்ற பழைய புரோகிராமிங் மொழி) எழுதிய புரோகிராம், விண்டோஸ் எக்ஸ்பி. சேலத்துச் சித்திரை வெயிலில் மதர்போர்டு உயிரை விட்டது. கடைக்காரர் கொடுத்த புதுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11. பழைய கார்டை மாட்ட அதில் பிசிஐ ஸ்லாட்டே இல்லை.

பிசிஐ என்பது மதர்போர்டில் கார்டு மாட்டும் ஸ்லாட்டின் ஒரு வகை; 1992-இல் இன்டெல் கொண்டுவந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 2003-இல் வந்தது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் கார்டு மற்றொன்றின் ஸ்லாட்டில் ஏறாது. பிசிஐ கார்டிலேயே 5 வோல்ட் வகை, 3.3 வோல்ட் வகை என்று இரண்டு உண்டு; தங்க விரல்களுக்கு நடுவே இருக்கும் வெட்டு எந்தப் பக்கம் என்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இரண்டு வெட்டும் இருந்தால் இரண்டு ஸ்லாட்டிலும் ஏறும். ஏறாத கார்டை அழுத்தி ஏற்றப் பார்க்கவே கூடாது.

எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் மாட்டி பிசிஐ ஸ்லாட்டாக மாற்றும் அடாப்டர் போர்டுகள் கிடைக்கின்றன. ரிலே தட்டுவது, வெப்பநிலையை நொடிக்கு ஒருமுறை படிப்பது போன்ற மெதுவான வேலைக்கு அவை போதும். வேகமாக சாம்பிள் எடுக்கும் கார்டுக்கு நான் அவற்றை நம்புவதில்லை. பழைய பிசிஐ கார்டு இன்டரப்ட் வயரை (‘என்னைக் கவனி’ என்று கார்டு பிராசசரைக் கூப்பிடும் வழி) மற்ற கார்டுகளோடு பகிர்ந்துகொள்ளும் காலத்தது. நடுவில் இருக்கும் பிரிட்ஜ் சிப் அதை ஒழுங்காகக் கடத்தாவிட்டால் மணிக்கணக்கில் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று நின்றுபோகும். இப்படி எப்போதாவது நிற்கும் கோளாறைப் பிடிப்பதைவிட மதர்போர்டை மாற்றுவது சுலபம். அந்தப் பட்டறைக்கு பிசிஐ ஸ்லாட்டோடு வரும் தொழிற்சாலை ரக மதர்போர்டையே சிபாரிசு செய்தேன். விலை கூடுதல். ஆனால் அந்த ரகத்தில் ஒரே மாடலைப் பல வருடம் தயாரித்துக்கொண்டிருப்பார்கள். நாளைக்கு இது பழுதானாலும் இதே போர்டு கிடைக்கும் என்பதற்குத்தான் அந்தக் கூடுதல் காசு.

ஸ்லாட் பிரச்சினை தீர்ந்தது. கார்டை மாட்டினால், விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். அந்த மஞ்சளைப் பார்த்ததும் “கார்டு போச்சு” என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் மஞ்சள் வந்தால் நான் நிம்மதி அடைவேன். கார்டு மின்சாரம் வாங்கி, நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டது என்பதுதான் அதன் பொருள். அதைத் திறந்து உள்ளே இருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். 28 என்றால் டிரைவரே போடவில்லை. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை (யார் கொடுத்தது, இடையில் யாரும் மாற்றவில்லை என்பதற்கான முத்திரை) விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லை. 12 என்றால் கார்டுக்கு ஒதுக்க மெமரி முகவரியோ இன்டரப்டோ போதவில்லை; பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) வேண்டாத போர்ட்டுகளை அணைத்துப் பார்க்கலாம், ஸ்லாட் மாற்றிப் பார்க்கலாம். 10 என்றால் டிரைவர் ஏறியும் கார்டைத் தொடங்க முடியவில்லை. தவறான டிரைவராக இருக்கலாம், கார்டே பழுதாகவும் இருக்கலாம். மஞ்சளும் இல்லை, புதுச் சாதனம் எதுவுமே தெரியவில்லை என்றால்தான் கார்டைக் கழற்றி, தங்க விரல்களைத் துடைத்து, வேறு ஸ்லாட்டில் போட்டுப் பார்ப்பேன். சேகோ ஆலைகளில் ஸ்டார்ச் மாவு படிந்து இந்த விரல்கள் சரியாகத் தொடாமல் போவது சகஜம்.

கார்டின் பெயர் அழிந்திருந்தாலும் கவலை இல்லை. அதே டிவைஸ் மேனேஜரில், விவரங்கள் பக்கத்தில், ஹார்டுவேர் ஐடி என்று ஒரு வரி இருக்கும். அதில் முதல் நான்கு இலக்கம் தயாரிப்பாளரின் எண், அடுத்த நான்கு இலக்கம் சிப்பின் எண். 8086 என்றால் இன்டெல். 1093 என்றால் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். 1393 என்றால் மோக்ஸா. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும்: பல கார்டுகளில் பிசிஐயோடு பேசும் சிப் வேறு கம்பெனியிடம் வாங்கியதாக இருக்கும். அப்போது முதல் எண் அந்த சிப் கம்பெனியைக் காட்டும். கார்டை யார் செய்தார் என்பது அதன் பிறகு வரும் துணை எண்ணில் இருக்கும். முழு வரியையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டுதான் நான் டிரைவர் தேடக் கிளம்புவேன். கார்டின் மேல் அச்சிட்ட மாடல் எண்ணையும் ரிவிஷன் எழுத்தையும் சேர்த்துத்தான். ஒரே மாடலில் ரிவிஷன் மாறும்போது சிப் மாறிய கார்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

டெஸ்ட் பெஞ்சோடு வந்த பழைய சிடியில் விண்டோஸ் 2000, எக்ஸ்பி என்ற இரண்டு போல்டர்கள்தான். அங்கிருந்த எலெக்ட்ரீஷியன் தம்பி, “அண்ணா, கம்பாட்டிபிலிட்டி மோடில் போட்டுப் பார்க்கலாமே?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அந்த மோடு சாதாரணப் புரோகிராமிடம் “நீ எக்ஸ்பியில்தான் ஓடுகிறாய்” என்று சொல்லி நம்பவைக்கும். டிரைவரோ விண்டோஸின் உட்கருவான கெர்னலுக்குள் ஓடுவது. அங்கே இந்தச் சமாதானம் செல்லாது. விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை; 32 பிட்டுக்கு எழுதிய டிரைவரை 64 பிட் விண்டோஸ் எந்த வழியிலும் ஏற்றாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கு உண்டு. சில பழைய கார்டுகளுக்குக் கடைசிப் புகலிடம் அந்த 32 பிட் விண்டோஸ் 10-தான்.

இந்தக் கார்டுக்குத் தயாரிப்பாளரே பின்னால் 64 பிட் டிரைவர் ஒன்றை வெளியிட்டிருந்தார். அதைப் போட்டதும் 28 போய் 52 வந்தது. கையொப்ப விவகாரம். 64 பிட் விண்டோஸ், விஸ்டா காலத்தில் இருந்தே கையொப்பம் இல்லாத கெர்னல் டிரைவரை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பில் இருந்து இன்னும் இறுகிவிட்டது: புதிதாக நிறுவிய விண்டோஸில் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளால் மட்டுமே கம்ப்யூட்டரைத் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால், மைக்ரோசாப்டின் கையொப்பம் பெற்ற டிரைவர்தான் புதிதாக ஏறும். 2015 ஜூலை 29-க்கு முன் வழங்கப்பட்ட சான்றிதழில் கையொப்பமிட்ட பழைய டிரைவர்களுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் சில சமயம் பழைய டிரைவர் ஏறிவிடும், அதைவிடப் புதிய டிரைவர் ஏறாது. பார்க்கிறவருக்குக் குழப்பமாக இருக்கும். விண்டோஸ் 7-இல் இதே கதை வேறு மாதிரி. அது முதலில் எஸ்எச்ஏ-2 என்ற புதிய முறைக் கையொப்பத்தை அறியாது. 2015-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட அப்டேட்டைப் போட்ட பிறகுதான் புதிய டிரைவர்களை ஏற்கும். நெட் இணைப்பே காணாத பட்டறைக் கம்ப்யூட்டரில் அந்த அப்டேட் இருக்காது.

டெஸ்ட் மோடு என்று ஒன்று இருக்கிறது, அதில் கையொப்பம் சரியில்லாத டிரைவரையும் ஏற்றலாம் என்று சிலர் வழி சொல்வார்கள். மேசையில் வைத்துச் சோதிக்க அது சரி. உற்பத்தி நடக்கும் இடத்தில் அப்படி விட்டுவிட்டு வருவதை நான் எதிர்க்கிறேன். எந்த டிரைவர் வேண்டுமானாலும் கெர்னலுக்குள் நுழையலாம் என்று கதவைத் திறந்து வைப்பது அது. அந்தப் பட்டறையில் செக்யூர் பூட்டைப் பயாஸில் அணைத்ததே போதுமானதாக இருந்தது. கம்ப்யூட்டர் ஆபீஸ் நெட்வொர்க்கில் இல்லை, பென் டிரைவ் மாட்டுவதும் மேற்பார்வையாளர் மட்டும் என்பதால் ஒத்துக்கொண்டேன். விண்டோஸ் 11-இல் இன்னொரு காவல்காரனும் உண்டு. கோர் ஐசொலேஷன் என்ற பிரிவில் மெமரி இன்டெக்ரிட்டி. புதிதாக நிறுவும் விண்டோஸ் 11-இல் பெரும்பாலும் தானாகவே இயங்கும். கையொப்பம் சரியாக இருந்தும் பழைய பாணியில் எழுதிய டிரைவரை இது தடுத்துவிடும். எல்லாம் சரியாகச் செய்தும் டிரைவர் ஏறவில்லை என்றால் இந்த இடத்தைப் பாருங்கள்.

டிரைவர் ஏறியது. தயாரிப்பாளரின் சோதனைப் புரோகிராமில் வோல்டேஜ் அசைந்தது. விபி புரோகிராம் மட்டும் டிஎல்எல் (டிரைவரோடு பேசப் புரோகிராம் பயன்படுத்தும் துணைக் கோப்பு) இல்லை என்று பிழை சொன்னது. இதுவும் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். டிரைவர் 64 பிட்டாக இருந்தாலும் விபி 6 புரோகிராம் 32 பிட்தான். அதற்கு 32 பிட் டிஎல்எல் வேண்டும். 64 பிட் விண்டோஸில் 32 என்ற எண்ணைப் பெயரில் வைத்திருக்கும் சிஸ்டம்32 போல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 என்ற போல்டரில் இருக்கும். பெயரைப் பார்த்துப் போட்டால் மாற்றித்தான் போடுவோம். ஓசிஎக்ஸ் கோப்புகளை (விபி புரோகிராமின் துணைப் பாகங்கள்) விண்டோஸில் பதிவு செய்வதும், பழைய ஆக்ஸஸ் டேட்டாபேஸை இணைக்கும் ஓடிபிசி அமைப்பும் அந்த இரண்டாவது போல்டரில் இருக்கும் கருவிகளைக் கொண்டே செய்ய வேண்டும்.

எல்லாம் ஓடியது, ஆனால் பிரஷர் அளவு பழைய எண்ணோடு ஒத்துப்போகவில்லை. காலிபரேஷன் எண்கள் (வோல்டேஜைச் சரியான பிரஷராக மாற்றும் திருத்த எண்கள்) பழைய ஹார்டு டிஸ்கில், விண்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிட்டிருந்தன. நல்லவேளையாக டிஸ்க் பிழைத்திருந்தது; அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்தோம். மதர்போர்டு மட்டும் செத்த கம்ப்யூட்டரின் டிஸ்கைத் தூக்கிப் போடாதீர்கள், பார்மட்டும் செய்யாதீர்கள். டிரைவரைப் போலவே விலைமதிப்பானது அதற்குள் இருக்கும் அமைப்புகள். பழைய புரோகிராம் பேரலல் போர்ட் டாங்கிளை (மாட்டினால்தான் புரோகிராம் ஓடும் சாவி போன்ற சிறு கருவி) கேட்கும் வகையாக இருந்தால் டாங்கிளுக்கும் தனியாக ஒரு டிரைவர் உண்டு என்பதை மறக்கக் கூடாது. கார்டு ஓடி டாங்கிள் ஓடாவிட்டால் பெஞ்ச் ஓடாது.

சேகோ ஆலைகளில் பார்ப்பது பெரும்பாலும் பல போர்ட் சீரியல் கார்டுகள். ஒரே கார்டில் எட்டு ஆர்எஸ்-485 (நீண்ட கேபிளிலும் பேசும் சீரியல் முறை) போர்ட். டிரையரின் வெப்பநிலைக் கன்ட்ரோலர்கள், மூட்டை எடை போடும் தராசுகள் எல்லாம் அதில்தான் வந்து சேரும். இவற்றுக்கு டிரைவர் கிடைப்பது சுலபம். சிக்கல் போர்ட் எண்ணில் வரும். கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் விண்டோஸ் அதைப் புதுக் கார்டாக நினைத்து, பழைய எண்களை விடாமல் பிடித்துக்கொண்டு, அடுத்த எண்களைக் கொடுக்கும். காம் 3 ஆக இருந்தது காம் 11 ஆகிவிடும். விபி 6-இன் சீரியல் கன்ட்ரோல் 16-க்கு மேல் உள்ள எண்ணை ஏற்காது. வேறு சில புரோகிராம்கள் 9-ஐத் தாண்டினாலே திணறும், ஏனென்றால் 10 முதல் போர்ட்டின் பெயரைத் தனி முன்னொட்டோடு எழுத வேண்டும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பழைய போர்ட்டுகளை நீக்கிவிட்டு, பழைய எண்ணையே திரும்பக் கொடுத்தால் தீரும். எந்த போர்ட் எந்தத் தராசு என்று கேபிளிலேயே லேபிள் ஒட்டுவதையும் அந்த வேலையோடு சேர்த்து முடித்துவிடுங்கள்.

கிழங்கு வரத்து உச்சத்தில் இருக்கும்போது ஓர் ஆலையில் இருந்து போன் வந்தது. காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் தராசு பேசுவதில்லை, ரீஸ்டார்ட் கொடுத்தால் பேசுகிறது. லோடு நிற்கிறது, ஆட்கள் காத்திருக்கிறார்கள். காரணம் பாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் கெர்னலை முழுசாக மூடாமல் டிஸ்கில் எழுதி வைத்து, மறுநாள் அப்படியே எடுத்துவிடும். கார்டோ மின்சாரம் போய்த் திரும்ப வந்த நிலையில் இருக்கும். பழைய டிரைவருக்கு இது புரியாது. ரீஸ்டார்ட் என்றால் உண்மையாகவே புதிதாகத் தொடங்கும், அதனால் பேசியது. அந்த வசதியை அணைத்ததும் சரியானது. தொழிற்சாலைக் கம்ப்யூட்டரில் நான் முதலில் அணைப்பது இதைத்தான். அதோடு ஸ்லீப், யுஎஸ்பி மின்சேமிப்பு, விண்டோஸ் அப்டேட் தானாக டிரைவர் மாற்றும் வசதி ஆகியவற்றையும் அணைத்துவிடுகிறேன்.

எந்த விண்டோஸ் வாங்குவது என்று கேட்டால், டிரைவர் அனுமதிக்கும் இடத்தில் ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பைச் சொல்கிறேன். வருடா வருடம் புது வசதிகள் வந்து எதையும் கலைக்காது. சாதாரண விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 10 ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021-க்கு 2032 ஜனவரி வரை உண்டு. பெயரில் ஐஓடி இல்லாத எல்டிஎஸ்சி 2021-க்கு 2027 ஜனவரி வரைதான். வாங்கும்போது பில்லில் முழுப் பெயரையும் படியுங்கள்.

லினக்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். நிலையான சிப் வைத்த சீரியல் கார்டுகளுக்கு அது அருமை, மாட்டினால் போதும். சென்சார் அளவுகளைப் படிக்கும் டேட்டா அக்விசிஷன் கார்டுகளில் கணிசமானவற்றுக்குக் கெர்னலிலேயே கொமெடி என்ற டிரைவர் தொகுப்பு இருக்கிறது. தயாரிப்பாளர் தனியாகக் கொடுக்கும் மாட்யூல் என்றால் ஜாக்கிரதை: கெர்னல் அப்டேட் ஆகும்போது அதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருக்கும், சில சமயம் கம்பைலே ஆகாது. அப்படியான இடத்தில் கெர்னல் பதிப்பை மாறாமல் நிறுத்திவைத்துவிடுவேன்.

எக்ஸ்பியை விட்டு எங்கும் போக முடியாத கார்டுகளும் உண்டு. பிசிஐக்கும் முந்தைய ஐஎஸ்ஏ ஸ்லாட் கார்டுகள், போர்ட் முகவரியை நேரடியாகத் தொடும் டாஸ் புரோகிராம்கள். ஒரு நூற்பாலையின் சோதனைக் கூடத்தில் அப்படி ஒன்று இன்னும் ஓடுகிறது. அதை மாற்றச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஓடு முடிந்துவிட்டதால், நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டோம். டிஸ்கை முழுசாகக் குளோன் எடுத்து, அந்தக் குளோனை மாட்டி பூட் ஆகிறதா என்றும் பார்த்தோம். பூட் செய்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான். அதே தலைமுறை மதர்போர்டு ஒன்றைத் தேடி வாங்கி அலமாரியில் வைத்தார்கள். பயாஸ் பக்கங்களைப் போட்டோ எடுத்துக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். சிஆர் 2032 பேட்டரி தீர்ந்தால் பயாஸ் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். டிஸ்க் கன்ட்ரோலர் பழைய ஐடிஇ மோடில் இருந்து புதிய ஏஎச்சிஐ மோடுக்கு மாறினால் எக்ஸ்பி நீலத்திரையில் 7பி என்ற பிழையோடு நிற்கும். டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்துப் பார்மட் செய்யக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சின்ன பேட்டரியும் அந்தப் போட்டோவும் இருந்தால் அரை மணி நேர வேலை. விர்ச்சுவல் மெஷினுக்குள் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) எக்ஸ்பியை வைக்கலாமே என்றால், சீரியல் போர்ட் மட்டும் போதும் என்கிற புரோகிராமுக்கு வைக்கலாம். உள்ளே பிசிஐ கார்டு வேண்டும் என்றால் மதர்போர்டு விடி-டி (கார்டை நேரடியாக விர்ச்சுவல் மெஷினிடம் ஒப்படைக்கும் வசதி) ஆதரிக்க வேண்டும், அப்போதும் எல்லாக் கார்டும் ஒத்துழைக்காது.

ஏற்காட்டு எஸ்டேட்டுகளின் கவலை வேறு. அங்கே இடி மின்னல் அதிகம். களத்தில் இருந்து நீண்ட கேபிள் வந்தால் கார்டின் உள்ளீடு எரிந்துபோகும். ஆப்டிகல் ஐசொலேஷன் (வெளி வயரையும் உள் சர்க்யூட்டையும் மின்சாரத் தொடர்பில்லாமல் ஒளியால் இணைப்பது) உள்ள கார்டு, கேபிள் நுழையும் இடத்தில் சர்ஜ் புரொடெக்டர், நல்ல எர்த்திங் ஆகிய மூன்றும் வேண்டும். எரிந்த கார்டுக்குப் பதில் அதே தயாரிப்பாளரின் பிசிஐ எக்ஸ்பிரஸ் மாடலை வாங்கினால், மாடல் பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் ஹார்டுவேர் ஐடி வேறு. பழைய டிரைவர் அதை அடையாளம் காணாது. புரோகிராம் அப்படியே ஓடுமா என்பது டிஎல்எல்லின் பெயரும் பங்ஷன்களும் மாறாமல் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது.

புதிதாக அமைக்கும் இடங்களில், வேகம் தேவையில்லாத அளவீடுகளுக்கு நான் கார்டையே தவிர்த்து, ஈதர்நெட்டில் மாட்பஸ் டிசிபி (தொழிற்சாலைச் சாதனங்களின் பொது மொழி) பேசும் ஐ/ஓ மாட்யூல்களைப் போடச் சொல்கிறேன். அவற்றுக்குக் கெர்னல் டிரைவர் தேவையில்லை, விண்டோஸ் மாறினாலும் பாதிப்பில்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கில் சாம்பிள் வேண்டிய டெஸ்ட் பெஞ்சுக்குக் கார்டுதான் சரி. அதை வாங்கப் போகிறவர்கள் டீலரிடம் “விண்டோஸ் 11-இல் ஓடுமா?” என்று கேட்டால் “ஓடும் சார்” என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: 64 பிட் டிரைவரின் பதிப்பு எண் என்ன, அது வெளியான தேதி என்ன, மைக்ரோசாப்ட் கையொப்பம் இருக்கிறதா, மெமரி இன்டெக்ரிட்டி இயங்கும்போது ஏறுமா, 32 பிட் புரோகிராமுக்கு டிஎல்எல் தருவீர்களா, இந்தக் கார்டை இன்னும் எத்தனை வருடம் தயாரிப்பார்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். டிரைவர் கோப்பை ஆர்டர் கொடுக்கும் முன்பே அனுப்பச் சொல்லி, வாங்கப்போகும் அதே விண்டோஸில் இன்ஸ்டால் ஆகிறதா என்று பாருங்கள். பிறகு அந்தக் கோப்பை இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றைக் கன்ட்ரோல் பேனலுக்குள்ளும் ஒன்றை ஆபீஸ் பீரோவிலும் வைத்துவிடுங்கள்.